வீட்டிலிருந்து இரண்டு மைலில் துப்பாக்கி ரேஞ்ச்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கொலராடோவில் டென்வருக்கு மேற்கே மலைப்பக்கம் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் தேசிய வனம். சனி, ஞாயிறு காலைகளில் காட்டுக்குள்ளிருந்து சுடும் சத்தம் வராத வாரமே இல்லை. இப்போது கவுண்டி, மாநில வனவிலங்குத் துறை, அமெரிக்க வனத்துறை மூன்றும் சேர்ந்து எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்ச் கட்டத் திட்டம் போடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஆனால் என் மகள் பள்ளியின் கிளே டார்கெட் (வானில் வீசும் தட்டைச் சுடும் விளையாட்டு) அணியில் இருக்கிறாள், பயிற்சிக்காக ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டுகிறேன். எந்தப் பக்கம் நிற்பது? கூட்டத்தில் என்ன கேட்பது? க்ரீன் கார்டில் இருக்கும் நான் இதிலெல்லாம் பேசலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் பேசலாம். தேசிய வனத்தில் வரும் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லக் குடியுரிமை வேண்டாம், ஓட்டுரிமை வேண்டாம், அந்த ஊரில் வீடுகூட இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதில் இடம், நேரம், அளவு என்று ஏதாவது பிடி இருக்கிறதா என்றுதான் கோப்பைப் படிப்பவர் பார்ப்பார்.

கையெழுத்து விஷயத்தில் என் அபிப்பிராயம், போடாதீர்கள். அதற்காக ஆதரவு மனு வந்தால் அதிலும் போட்டுவிடாதீர்கள். இருபது வருடமாக ரேஞ்ச் வடிவமைப்பில் வேலை பார்க்கிறவன் ஆதரவாகப் பேசாமல் இப்படிச் சொல்கிறானே என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

நம்மூர்க் காப்புக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு இங்கத்தைய தேசிய வனத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அங்கே அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வழக்கு. இங்கே வனத்துறை வேளாண் துறையின் கீழ் வருகிறது, மரம், மேய்ச்சல், தண்ணீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் காட்டைப் பகிர்ந்து கொடு என்று 1960ஆம் வருடச் சட்டம் அதன் தலையில் கட்டியிருக்கிறது, அந்தப் பொழுதுபோக்குக் கணக்கில் குறிபார்த்துச் சுடுவதும் சேர்த்தி. மூடியதாக அறிவிக்காத இடமெல்லாம் திறந்த இடம்தான். விதி என்று பார்த்தால் வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் இருக்கும் இடம் இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக்கூடாது, வனச் சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கே சுடக்கூடாது, யாருக்கும் ஆபத்து வரும்படி சுடக்கூடாது. 150 கஜம் என்றால் சுமார் 137 மீட்டர். இருப்பதிலேயே சின்னதான .22 தோட்டாப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், குண்டு ஒன்றரை மைல் வரை போகும், ஜாக்கிரதை என்று பல பெட்டிகளில் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 137 மீட்டர் எங்கே, ஒன்றரை மைல் எங்கே.

இது ஏட்டுப் பயமும் இல்லை. 2015 ஜூலையில் இதே கொலராடோவின் பைக் தேசிய வனத்தில் குடும்பத்தோடு முகாமிட்டிருந்த ஒருவர், எங்கிருந்தோ வந்த குண்டு பாய்ந்து அங்கேயே இறந்துபோனார்.

ஆகவே ரேஞ்ச் வந்தால் நம் பக்கம் துப்பாக்கி வந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அது வந்து வெகுநாளாகிவிட்டது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் சத்தம் வரும் திசையில் ஒரு செவ்வாய், புதன் பார்த்து, ஆள் இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். நான் இப்படிப் பார்த்த இடங்கள் எல்லாமே ஒரே அச்சு. மண்சாலை முடிகிற திருப்பத்தில் ஒரு வெட்டவெளி, நடுவில் சல்லடையாகத் துளைத்த ஒரு வாஷிங் மெஷின், காலடியில் தரை தெரியாமல் பித்தளை உறைகளும் சிவப்பு, பச்சை பிளாஸ்டிக் உறைகளும், உடைந்த பாட்டில் கண்ணாடி. பின்னால் நிற்கும் பைன் மரத்தை இடுப்பு உயரத்தில் குண்டாலேயே அறுத்திருப்பார்கள், மிச்சம் இரண்டு விரல் கனம் பட்டையில் மரம் சாய்ந்து நிற்கும். அந்த ஈயத்தை யாரும் அள்ளுவதில்லை, குண்டு தாண்டிப் போனால் அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள் என்றும் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் காப்பாற்றுவது காட்டை இல்லை, இந்த வாஷிங் மெஷினை.

சரி, அப்படியானால் ஆதரிக்க வேண்டியதுதானே? அங்கேதான் நான் நிறுத்துகிறேன். ரேஞ்ச் கட்டுவதால் மட்டும் அந்தத் திருப்பம் காலியாகாது. இலவசமாக, யாரும் கேள்வி கேட்காமல், ராத்திரி ஏழு மணிக்குக்கூடச் சுடலாம் என்கிற இடம் அரை மணி தூரத்தில் திறந்தே கிடந்தால், சீட்டு வாங்கி வரிசையில் நிற்க எத்தனை பேர் வருவார்கள்? உங்கள் பகுதியில் 2013இல் போல்டர், லாரிமர், கிளியர் கிரீக், கில்பின் என்று நான்கு கவுண்டிகளும் மாநிலத் துறையும் வனத்துறையும் கைகோத்து ஆரம்பித்த முயற்சியின் அடிப்படை யோசனையே இதுதான்: ஒரு பக்கம் நிர்வாகம் உள்ள ரேஞ்சைத் திற, இன்னொரு பக்கம் வீடுகளும் நடைபாதைகளும் நெருங்கிவிட்ட காட்டுப் பகுதிகளில் கண்ட இடத்தில் சுடுவதை மூடு. இரண்டும் ஒரே முடிச்சு. ஆனால் இப்படிப்பட்ட திட்ட அறிக்கைகளில் பொதுவாக முதல் பாதிக்கு வரைபடம், படம், பட்ஜெட் எல்லாம் இருக்கும், இரண்டாவது பாதி 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரியில் கிடக்கும். கூட்டத்தில் உங்களுக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதைக் கேளுங்கள்: ரேஞ்ச் திறக்கும் நாளில் எந்தெந்தப் பகுதி மூடப்படும், அந்த உத்தரவின் வரைவு எங்கே?

அடுத்தது 'பொது' என்ற வார்த்தை. பொது நிலத்தில் சிறப்பு அனுமதி வாங்கி நடத்தும் எதற்கும் தனக்கே தனக்கு என்ற உரிமை கிடையாது, அது வன நில அனுமதி விதியிலேயே இருக்கிறது. ஒரு கிளப் நடத்தலாம், கவுண்டி நடத்தலாம், ஆனால் உறுப்பினர் மட்டும் என்று கதவை அடைக்க முடியாது. நடைமுறையில் சண்டை வருவது நேரப் பட்டியலில்தான். செவ்வாய் மாலை பள்ளி அணி, புதன் ஷெரிஃப் ஆட்கள் பயிற்சி, சனி முழுக்கப் போட்டி என்று பிரித்துக் கொடுத்த பிறகு, வேட்டை சீசனுக்கு முன்னால் துப்பாக்கியைச் சரிபார்க்க வருகிற சாதாரண ஆளுக்கு ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் மிஞ்சும். அவர் என்ன செய்வார்? பழைய திருப்பத்துக்கே போவார். நேரப் பட்டியலில் பொதுமக்கள் நேரம் வாரத்துக்கு இத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் மகளின் அணிக்கு அதனால் கொஞ்சம் நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

பணம். இது சுவாரசியமான கதை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளர் கட்டும் வரி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்கு 11, கைத்துப்பாக்கிக்கு 10. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அது மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் ரேஞ்ச் கட்டினால் முன்பு மத்திய பங்கு 75 சதவீதம், 2019இல் சட்டத்தைத் திருத்தி 90 ஆக்கினார்கள். போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம், தகுந்த இடம் இருக்கும் தேசிய வனங்களில் வனத்துக்கொரு ரேஞ்சாவது இருக்கட்டும் என்கிறது. ஆகக் கட்டுவதற்குப் பணம் ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. அதனால்தான் ஆபத்து. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை இந்தத் தொழிலில் எனக்குப் பழகிப்போனது. ஒரு மாநிலத்தில், எது என்று வேண்டாம், நான் வரைந்து கொடுத்த ரேஞ்சுக்குக் குண்டைத் தடுக்கும் இருபது அடி மண்மேடு, கான்கிரீட் மேடை, சக்கர நாற்காலி ஏறும் சரிவு எல்லாம் அழகாகக் கட்டினார்கள், காலையில் கேட்டைத் திறந்து சாயங்காலம் பூட்ட ஒரு ஆளுக்கு மட்டும் சம்பளம் ஒதுக்கவில்லை. நான்காவது வருடம் போனபோது மேடைக்கூரையிலேயே குண்டு ஓட்டைகள், இலக்குச் சட்டம் எல்லாம் விறகாகிவிட்டது, மண்மேட்டுக்குக் கீழே ஒரு டிவி. வாஷிங் மெஷினுக்குப் பதில் டிவி, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டணம் எவ்வளவு, சம்பளம் யார் கணக்கில், பத்தாவது வருடம் அந்தக் கவுண்டி கையை விரித்துவிட்டால் இடத்தைச் சுத்தம் செய்து பழையபடி ஆக்க யார் பணம் கட்டி வைத்திருக்கிறார்கள், இதையெல்லாம் கேளுங்கள். ஆள் இல்லாத ரேஞ்ச் என்று பதில் வந்தால் நானே எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்துப் போடுவேன்.

தீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அக்கம்பக்கத்தார் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன், அந்தப் பயம் நியாயமானது. 2018 ஜூலை 3ஆம் தேதி கொலராடோவின் பசால்ட் ஊருக்கு மேலே பிடித்த லேக் கிறிஸ்டின் தீ 12,500 ஏக்கருக்கு மேல் எரித்தது, மூன்று வீடுகள் போயின. அது எங்கே தொடங்கியது தெரியுமா? காட்டுத் திருப்பத்தில் இல்லை. முறையாகக் கட்டிய ஒரு ரேஞ்சில், வறண்ட புல்லில், தடைசெய்த டிரேசர் தோட்டாவை, அதாவது போகும் பாதை தெரிய எரிந்துகொண்டே போகும் குண்டை, இரண்டு பேர் சுட்டதில். நான் ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான், மண்மேட்டுக்கு டிரேசர் தோட்டாவை அடையாளம் காணத் தெரியாது.

டிரேசர் மட்டும் இல்லை. 2013இல் வனத்துறையின் ஆய்வாளர்களே எஃகுத் தட்டில் வகை வகையான குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். எஃகு கலந்த குண்டும் முழுச் செம்புக் குண்டும் சிதறும்போது துண்டுகள் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, காய்ந்த மட்கில் விழுந்து தீப் பிடிக்க வைத்தன. ஈயம் உள்ளே, செம்பு மேலே உள்ள சாதாரண குண்டு அரிதாகத்தான் பிடிக்க வைத்தது. இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது, ஈயம் கெடுதல் என்று செம்புக்கு மாறச் சொன்னால் தீ ஆபத்து கூடுகிறது. ஆகையால் இலக்குக்கு முன்னும் பின்னும் புல்லே இல்லாத சரளைத் தரை, கோடையில் எஃகு இலக்குக்குத் தடை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. இரண்டாம் கட்டத் தீக்கட்டுப்பாடு வந்தால் உங்கள் பக்கத்து வனத்தில் வேட்டை தவிரச் சுடுவதே தடை. ரேஞ்சும் அன்றைக்கு மூடுமா, காற்று வேகம் இத்தனைக்கு மேல் போனால் மூடுமா என்பதை அறிக்கையில் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

சத்தம். இரண்டு மைல் தூரத்தில் கேட்குமா? கேட்கும். எவ்வளவு என்பது மலையின் விஷயம். சுடுபவர் காதருகே 150 டெசிபலுக்கு மேல் இருக்கும், தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது சமதரைக் கணக்கு. பள்ளத்தாக்கில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக் காற்று மேலேயும் நின்றால் சத்தம் மேலே போகாமல் மடங்கித் திரும்பி உங்கள் வாசலில் வந்து விழும், அதனால்தான் உங்களுக்குக் காலையில் அதிகமாகக் கேட்கிறது. கூரையும் பக்கச் சுவரும் உள்ள மேடை, துப்பாக்கி வாயிலிருந்து வரும் சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வழி நெடுகப் போடும் சொடுக்குச் சத்தத்தை மேடை தடுக்காது, அதை இருபுற மண்மேடும் சுடும் திசையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் ஒரு தந்திரம் இருக்கும், கவனியுங்கள். இருபத்துநாலு மணி நேரச் சராசரி என்று ஒரு எண் போடுவார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் சத்தத்தை ஒரு நாளுக்குப் பரப்பினால் துப்பாக்கியும் ஒன்றுதான், ஃபிரிட்ஜும் ஒன்றுதான். சராசரி வேண்டாம், ஒரு சனிக்கிழமை காலை அந்த இடத்தில் நிஜமாகவே சுட்டுக் காட்டி, உச்சத்தை என் வீட்டு முற்றத்தில் அளந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை, நான் வேலை செய்த திட்டங்களில் செய்திருக்கிறோம்.

இப்போது உங்கள் மகளின் அணிக்கு வருகிறேன், இந்த இடம் உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். கிளே டார்கெட் என்கிற அந்த ஆரஞ்சுத் தட்டில் களிமண்ணே கிடையாது, சுண்ணாம்புக்கல் பொடியும் தாரும் சேர்த்து அழுத்தியது, அந்தத் தாரில் புற்றுநோய் சந்தேகம் உள்ள சேர்மங்கள் உண்டு. அடுத்தது ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் குட்டி உருண்டைகள். ஒரு தோட்டாவில் 28 கிராம் ஈய ரவை என்று வையுங்கள், ஒரு சுற்றுக்கு 25 தோட்டா, 700 கிராம். இருபது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு சுற்றுச் சுட்டால் ஒரு சாயங்காலத்தில் 28 கிலோ. ரைஃபிள் குண்டு மண்மேட்டில் ஒரே இடத்தில் புதையும், சலித்து எடுத்து விற்றுவிடலாம். ரவை அப்படியில்லை, 300 கஜம் வரை விசிறிபோலப் பரவி விழும். புல்தரையில் விழுந்தால் இயந்திரம் விட்டு வாரலாம், செங்குத்தான பைன் சரிவில் பாறைக்கும் வேருக்கும் நடுவே விழுந்தால் யாராலும் வார முடியாது. பைன் ஊசி மட்கும் மண் புளிப்பானது, புளிப்பில் ஈயம் கரையும், வசந்தத்தில் பனி உருகும்போது ஓடைக்குப் போகும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஈயக் கையேடு மண்ணின் அமிலகாரத்தன்மை 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்கட்டும் என்கிறது, குறையும்போது சுண்ணாம்பு தூவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை ஈயத்தை அள்ள வேண்டும். நீரை நோக்கிச் சுட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனெக்டிகட்டின் லார்ட்ஷிப் கிளப் இருக்கிறது, பல பத்து வருடம் கடலைப் பார்த்துச் சுட்டார்கள், கடைசியில் அந்த ரவையும் தட்டுத் துண்டும் குப்பைச் சட்டத்தின் கீழ் வரும் கழிவு என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ரைஃபிள், கைத்துப்பாக்கி மேடைகளைக் காட்டில் வைக்கட்டும், கிளே டார்கெட் மைதானத்தை மட்டும் கீழே சமதரையில், கவுண்டியின் வேறு நிலத்தில் வைக்கலாமே என்று நான் சொல்வேன். காட்டில்தான் என்றால் எஃகு ரவை மட்டும் என்று நிபந்தனை போடட்டும். உங்களுக்கு அரை மணி நேரம் கூடுதல் ஓட்டம், தெரியும்.

வனவிலங்கு விஷயத்தைத் துறையே பார்த்துக்கொள்ளும், எல்க் மான் கன்று போடும் மே, ஜூன் மாதங்களும் குளிர்கால மேய்ச்சல் இடமும் கழுகுக் கூடுகளும் அவர்கள் பட்டியலில் எப்படியும் இருக்கும். யூட், அரப்பஹோ போன்ற பூர்வகுடிகளைக் கலந்து பேசுவதும் சட்டப்படி கட்டாயம். அதில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டாம்.

செலவழிக்க வேண்டியது கருத்துக் கடிதத்தில். கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசியதோடு வந்துவிடாதீர்கள். பிற்பாடு முடிவை ஆட்சேபிக்க நினைத்தால், கெடுவுக்குள் எழுத்தில், இந்தத் திட்டத்தைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது சொல்லியிருந்தால்தான் பொதுவாக அந்த உரிமை உண்டு. நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்ட மனு அவர்கள் கணக்கில் ஒரே கருத்து. 2025இல் வேளாண் துறை சுற்றுச்சூழல் ஆய்வு நடைமுறைகளைச் சுருக்கிவிட்டது, எனவே இன்னொரு சுற்று வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இன்னொன்று, பெரும்பாலான மாநிலங்களில், கொலராடோவிலும்தான், ரேஞ்சுகளைச் சத்த வழக்கிலிருந்து காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. கட்டும்போது இருந்த விதியை மதித்துக் கட்டியிருந்தால், பிறகு இரைச்சல் தொல்லை என்று நீதிமன்றம் போய் மூட வைப்பது மிகவும் கஷ்டம். நேரம், திசை, சுவர் எல்லாவற்றையும் அனுமதிப் பத்திரத்தில் ஏற்ற இப்போதுதான் நேரம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் க்ரீன் கார்டு என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எச்1பி, எச்4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பர்களோடு வாரக்கடைசி ரேஞ்சுக்குப் போய் ஒரு போட்டோ போட்டேன் என்பது ஒருநாள் விசா கோப்பில் வந்து நிற்கக்கூடும். பள்ளி அணியில் பிள்ளையைச் சேர்க்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த அறிக்கையில் திட்ட வரைபடம் இல்லை. கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். கிடைத்ததும் உயரக்கோடுகள் தெரியும் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், உங்கள் வீடு எங்கே என்று ஒரு புள்ளி வைத்து. வடக்கே பார்த்துச் சுட்டால் கண்ணில் வெயில் விழாது, பொதுவாக அப்படித்தான் வரைவோம், ஆனால் உங்கள் வீடும் வடக்கே இருந்தால் எனக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது.